பேஸ் குரலுக்கு ஒரு புரோகிராம்

பிரீனாவின் சபையில் பேஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல், பாட ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. ஆள் இருந்தார்கள். ஊரில் இல்லை. இரண்டு பேர் மஸ்கட்டில், இரண்டு பேர் குவைத்தில், ஒருவர் ஷார்ஜாவில். அதற்கு மேல்குரலான டெனார் பாடுகிற மூன்று பேரும் தோஹாவில். மற்ற மாதங்களில் பாடகர் குழு என்றால் பெண்கள்தான். டிசம்பர் கடைசியில் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்குகிற வரிசைப்படி ஆண்குரல்கள் வந்து சேரும். அவசர அவசரமாக ஒத்திகை நடக்கும். கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனையில் நாலு குரலில் ஆந்தம் என்ற பெரிய பாட்டு ஒன்றைப் பாடியாக வேண்டும். மிஷனரி காலத்து வழக்கம் அது. மயிலாடிக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில் யாரும் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

போன வருஷம் அந்த ஆந்தம் நடுவில் உடைந்தது. பேஸ்காரர்களுக்குப் புத்தகத்தில் தங்கள் வரி தவறிப்போயிற்று. தவறவிட்டவர்கள் சும்மா நின்றிருக்கலாம். நிற்காமல், பெண்களின் மேல்குரலான சோப்ரானோவின் ராகத்தைத் தடித்த குரலில் பாடத் தொடங்கினார்கள். அதைக் கேட்டு டெனார் திகைத்து நின்றது. முன்வரிசையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிள்ளைகளை அதட்டத் திரும்பிய பெரியவர்களும் சிரித்தார்கள். குழுவை நடத்திய பிரீனா முகத்தைத் தூக்காமல் கடைசிப் பக்கம் வரைக்கும் கையசைத்து முடித்தாள்.

அதனால் 2013 செப்டம்பரில் சபைக் கமிட்டி கூடியபோது செயலர் யேசுரத்தினம் முதல் காரியமாக அதைத்தான் எடுத்தார்.

"இந்தத் தடவ நாகர்கோவில்ல இருந்து ஒரு கீபோர்டுகாரன் வருவான். டிராக்கும் கையோட கொண்டுவருவான். பெண்ணுவ அதுக்கக் கூடப் பாடினாப் போரும். ஆணுவ லீவுல வந்தமா, கேக்கத் தின்னமான்னு இருக்கட்டும்."

"மாமா, இந்த ஒரு வருசம் தாருங்க," என்றாள் பிரீனா.

"தந்தா? போன வருசத்த மாதிரி பிள்ளையளச் சிரிக்க வைக்கவா?"

"நீங்களே வந்து கேளுங்க. இருவத்திமூணாம் தேதி சாயங்காலம் எல்லாரும் வந்திருவாவ. கொள்ளாம்னு பட்டா பாடுதோம். இல்லன்னா டிராக்."

யேசுரத்தினம் ஒத்துக்கொண்டார். பெருந்தன்மையாக ஒன்றுமில்லை. கீபோர்டுகாரனுக்கு இருபத்திமூன்றாம் தேதி ராத்திரி சொன்னால்கூடப் போதும் என்று அவருக்குத் தெரியும். பதிவு செய்து கொண்டுவருகிற அந்த டிராக் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் நாலு குரல் திரும்ப வராது என்று பிரீனாவுக்குத் தெரியும். பக்கத்துச் சபைகள் இரண்டில் அப்படித்தான் ஆயிற்று. அங்கே சோப்ரானோவுக்குக் கீழே ஆல்டோ பாடிய பெண்கள் இப்போது டிராக்கின் ராகத்தையே சேர்ந்து பாடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பிரீனாவும் ஆல்டோதான்.

கமிட்டியில் கேட்டு வாங்கிவிட்டாள். எப்படிச் செய்வது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அவள் ஒரு மெட்ரிக் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். கல்லூரியில் மூன்று வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாள். சி மொழியில் பகா எண் கண்டுபிடிக்கிற புரோகிராமை இன்றைக்கும் தூக்கத்தில் எழுதுவாள். அது ஏன் வேலை செய்கிறது என்று கல்லூரியில் யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் யாரையும் கேட்டதில்லை. ரெக்கார்டு சுத்தமாக இருந்தது, மார்க்கு வந்தது, அதோடு சரி.

அந்த வருஷம் ஏப்ரலில்தான் விஷயம் மாறிற்று. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் பைத்தான் என்ற மொழியை இணையத்தில் இலவசமாகக் கற்றுத் தருவதாகப் படித்தாள். பெயர் பதிந்தாள். அம்மை நம்பவில்லை.

"சும்மா எவன் தருவான்? இப்பம் ஒண்ணும் கேக்க மாட்டான். கடைசியில ஒன்னையே கேப்பான், பாத்துக்க."

"கேட்டா போயிருதேன் அம்மா."

வீடியோக்களை விடிகாலையில் இறக்கிவைத்து, இட்லி தின்றுகொண்டே பார்ப்பாள். ஒரு பந்தை நாலு சுவருக்குள் துள்ளவிடுவது மூன்றாம் வாரத்துப் பாடம். பந்து முதலில் சுவரைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. திருத்தினாள். சுவரில் ஒட்டிக்கொண்டு நடுங்கிற்று. மறுபடி திருத்தினாள். துள்ளிற்று. பிரீனா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். மூன்று வருஷம் கல்லூரியில் படித்தும் ஒருமுறைகூட இப்படி எழுந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடத்தை நிறுத்திவிட்டுப் பந்தைக் காட்டினாள். அவர்கள் இரண்டு பந்து கேட்டார்கள். இரண்டாக்கினாள். பத்து கேட்டார்கள். ஒரே ஒரு வரியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

ருசி கண்டாயிற்று. பைத்தான் முடிந்தது, இன்னொரு மொழி ஆரம்பித்துப் பாதியில் அலுத்தது, அக்டோபரில் மூன்றாவது ஒன்று கண்ணில் பட்டது. ஒலிக்கென்றே உருவாக்கிய ஒரு மொழி. எட்டு வாரப் பாடம்.

முதல் பாடத்தில் ஆசிரியர் மூன்று வரி எழுதினார். ஒலி எழுப்புகிற ஒன்றை ஸ்பீக்கரோடு இணைப்பது முதல் வரி. அதற்கு ஒரு சுருதி கொடுப்பது இரண்டாவது. காலத்தை ஒரு வினாடி முன்னே தள்ளுவது மூன்றாவது. மூன்றாவது எதற்கென்று பிரீனாவுக்குப் புரியவில்லை. அதை விட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. பிழை என்றும் கணினி சொல்லவில்லை. மூன்றாவது வரியைச் சேர்த்தாள். பீ என்று ஒலித்தது.

"ஏட்டி, மிக்ஸியா அது? நின்னு போச்சே!" என்று அடுக்களையிலிருந்து அம்மை கத்தினாள்.

இந்த மொழியில் காலம் தானாக ஓடாது. நீ தள்ளினால்தான் ஓடும். அரை வினாடி தள்ளினால் அரை வினாடி ஒலி. பிரீனா ஒரு தாளை இழுத்து எழுதிப் பார்த்தாள். இத்தனை நேரத்துக்கு இந்தச் சுருதி, அத்தனை நேரத்துக்கு அந்தச் சுருதி. அவள் சபையில் எல்லோரும் படிக்கிற ஸோல்ஃபா புத்தகத்தில் வேறு என்ன இருக்கிறது? டோ ஒரு தட்டு, ரே ஒரு தட்டு, மீ இரண்டு தட்டு. இசையைக் கோடு போட்டு எழுதாமல் எழுத்தாலேயே எழுதிவைத்த புத்தகம். அப்படியே கணினிக்குள் இறக்கி வைத்துவிடலாமே!

அன்றைக்குப் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டாள். ஆட்டோவில் போகும்போது டோவுக்கு எந்த எண், ரேவுக்கு எந்த எண் என்று விரலில் போட்டுக்கொண்டே போனாள். ஆர்மோனியத்தில் கறுப்பையும் சேர்த்து எத்தனை கட்டை தள்ளி இருக்கிறதோ அதுதான் எண். டோ பூஜ்யம். ரே இரண்டு. மீ நாலு. ஃபா ஐந்து. அதோடு பாட்டின் சுருதியைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் எழுதி ஓட்டியபோது ஆந்தத்தின் முதல் வரியைக் கணினி பாடிற்று. சுருதி உயரமாக இருக்கிறதே என்று ஒரே ஓர் எண்ணை மாற்றினாள். பாட்டு முழுவதும் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தது. ஆர்மோனியத்தில் அப்படி இறக்க அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்திருந்தது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பேஸ் வரியை மட்டும் பாட வைத்தால்? அதை மஸ்கட்டுக்கு அனுப்பினால்?

மறுவாரமே அனுப்பினாள். மஸ்கட்டில் இருந்த செல்வதாஸ்தான் பேஸ்காரர்களுக்கு மூத்தவர். அவர் வாட்ஸப்பில் குரல் அனுப்பினார்.

"ஏட்டி பிரீனா, சாமானம் வந்துட்டு. கேட்டேன். இது பேஸா, இல்ல நம்ம கோயில் ஜெனரேட்டரா?"

பிரீனா ஒலியை மென்மையாக்க மூன்றாம் வாரப் பாடத்தை இரண்டு தடவை பார்த்தாள். மறுபடி அனுப்பினாள்.

"இப்பம் கொள்ளாம். சளி பிடிச்சவன் பாடுத மாதிரி இருக்கு. பரவாயில்ல, எனக்கும் அப்பிடித்தானே. வண்டியில போட்டுக் கேக்குதேன். கூட வாற மலையாளி இதாரு, இதாருன்னு கேட்டுட்டே இருக்கான். எனக்கத் தங்கச்சி செஞ்சதுன்னு சொல்லிட்டேன்."

தோஹாவிலிருந்து அவள் தம்பி ஸ்டெனி எழுதினான். ரூமில் கூட இருக்கிற பிலிப்பைன்ஸ்காரன் டெனார் வரியைப் பாடமாக்கிவிட்டானாம். தனக்குத்தான் இன்னும் நாலாம் பக்கம் வரவில்லையாம். "அவனை லீவுக்குக் கூட்டிட்டு வா, நீ அங்கேயே இரி," என்று பிரீனா பதில் போட்டாள். அதற்குப் பிறகு அவனுக்கும் வந்துவிட்டது.

ஆறாம் வாரத்துப் பாடம்தான் பெரிய வேட்டு. ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓடவிடலாம் என்று அந்த வாரம் ஆசிரியர் காட்டினார். ஒவ்வொன்றும் தன் காலத்தைத் தானே தள்ளிக்கொண்டு போகும், ஆனால் எல்லாம் ஒரே கடிகாரத்தில் பிசகாமல் சேரும். பிரீனா வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தாள். சோப்ரானோ ஒன்று, ஆல்டோ ஒன்று, டெனார் ஒன்று, பேஸ் ஒன்று. ஓட்டினாள். பேஸ் எல்லோருக்கும் மேலே ஏறி நின்று கத்திற்று. கழித்தல் போட வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டிருந்தாள். சிரிப்பு அடங்கப் பாதி டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. திருத்தி மறுபடி ஓட்டினாள்.

நாலு குரலும் வந்தன. நவம்பர் மாதத்தில் அந்த ஊரில் நாலு குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்றாம் பக்கத்தில் பேஸ் அடியாழத்துக்கு இறங்க, சோப்ரானோ மேலே போகிற இடத்தில் அம்மை கையில் கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். முடிந்ததும், "இன்னொருக்கப் போடு," என்றாள்.

அந்தப் பாடத்தில் மாணவர்களின் வேலையை மாணவர்களே திருத்துவார்கள். முகம் தெரியாத ஐந்து பேர் கேட்டு மார்க்கு போட வேண்டும். கெடு அமெரிக்க நேரத்துக்கு ஞாயிறு இரவு. நம்மூருக்கு அது திங்கள் மத்தியானம். பள்ளிக்கூடத்து லேபில் சாப்பாட்டு நேரத்தில் அனுப்பிவைத்தாள். வாரக் கடைசியில் மார்க்கு வந்தது. முழு மார்க்கு. போர்ச்சுகலிலிருந்து ஒருவர், மூன்றாம் பக்கத்தில் தனக்கு மயிர் கூச்செறிந்தது என்று எழுதியிருந்தார். பிரீனா அதை லேபில் இருந்த எல்லா டீச்சர்களிடமும் காட்டினாள். தமிழ் டீச்சரிடம் இரண்டு தடவை காட்டினாள்.

பெண்களுக்கு அவள் எதுவும் அனுப்பவில்லை. தேவைப்படவில்லை. சோப்ரானோவுக்குத் தலைவி ராகேல். செல்வதாஸின் மனைவி. அந்த ஆந்தத்தைப் புத்தகம் இல்லாமல் பாடக்கூடியவள்.

"மிசினுக்கக் கூட நான் பாட மாட்டேன், கேட்டியா? எனக்குத் தெரியாததையா அது சொல்லப் போவுது?"

"வேண்டாம் மைனி. அது ஆணுவளுக்குத்தான்."

"அவியளுக்கு மிசின் போராது, கம்பும் வேணும்."

டிசம்பர் இருபத்திமூன்று. காலையில் பிரீனா எட்டாம் வாரத்துக் கடைசிப் பாடத்தைப் பார்த்தாள். இதுவரைக்கும் காலத்தை எண்ணித் தள்ளினோம், இனி எண்ணாமலும் தள்ளலாம் என்று ஆரம்பித்தார் ஆசிரியர். 'இரண்டு வினாடி நில்' என்று சொல்வதற்குப் பதிலாக, 'இன்னது நடக்கிற வரைக்கும் நில்' என்று சொல்லலாம். ஒரு பொத்தானை யாராவது அமுக்குகிற வரைக்கும், இன்னொரு குரல் தன் வரியை முடிக்கிற வரைக்கும். எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. பிரீனா பாதி கவனத்தில்தான் கேட்டாள். மனம் சாயங்காலத்தில் இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். செல்வதாஸ் அன்று காலையில்தான் இறங்கியிருந்தார். சென்ட் வாசனையும் தூக்கக் கலக்கமுமாக வந்து, முன்வரிசையில் இருந்த யேசுரத்தினத்துக்குக் கை கொடுத்தார். செயலர் காலுக்குமேல் கால் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது.

"மொதல்ல பேஸ் மட்டும்," என்றாள் பிரீனா.

ஐந்து பேர் பாடினார்கள். மூன்று நாட்டிலிருந்து வந்தவர்கள் மாதிரி இல்லை, ஒரே தொண்டை மாதிரி இருந்தது. ஒரு சுருதி பிசகவில்லை. நாலாம் பக்கத்தில், போன வருஷம் உடைந்த அதே இடத்தில், திடமாக இறங்கிப் போனார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராகேல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது எனக்க மாப்பிள்ளையா பாடுதது? கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து கேக்குதேன், இப்பிடிக் கேட்டதில்லியே!"

"மஸ்கட்டுல வேற என்ன சோலி எனக்கு?" என்றார் செல்வதாஸ். முகம் முழுக்கச் சிரிப்பு.

டெனாரும் வந்தது. ஸ்டெனி நாலாம் பக்கத்தைப் பாடிவிட்டு அக்காளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். செயலர் காலை இறக்கி வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். முடிந்தது, ஜெயித்தாயிற்று என்று பிரீனா நினைத்தாள்.

"இப்பம் நாலும் சேந்து."

முதல் வரி வானத்துக்குப் போயிற்று. வரியின் கடைசியில் பெண்கள் ஒரு சுருதியைப் பிடித்து நிற்க, பேஸ் மட்டும் படிப்படியாக இறங்கி அடியில் போய் அமர வேண்டும். பேஸ் இறங்கிற்று. அமர்ந்தது. உடனே அடுத்த வரியைத் தொடங்கிவிட்டது. பெண்கள் இன்னும் முந்தின வரியிலேயே நின்றார்கள். பிரீனாவின் கை காற்றில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. பெண்கள் ஓடிப் பிடித்தார்கள். அடுத்த வரி முடிவில் அதே கதை. மூன்றாவது வரியில் டெனார் ஆண்களோடு போவதா பெண்களோடு நிற்பதா என்று விழித்தது. ஷார்ஜாக்காரர் பழைய வழக்கப்படி சோப்ரானோவில் ஏறிக்கொண்டார். எல்லாம் ஒரு சந்தைக்கடை ஆயிற்று. பிரீனா கையைக் கீழே போட்டாள்.

ராகேல் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஓடுதிய? வீட்டுல தீயா பிடிச்சிருக்கு?"

"நான் எங்க ஓடினேன்? புத்தகத்துல ரெண்டு தட்டுதான் போட்டிருக்கு. ரெண்டு மாசமா ரெண்டு தட்டுதான் பாடுதேன். நீ எதுக்கு அங்கேயே நிக்க?"

"எதுக்கா? ஒங்களுக்காத்தான் நிக்கேன்! நீங்க ஏணியில எறங்குத மாதிரி ஒவ்வொண்ணா இழுத்து இழுத்து எறங்குவியளே, அது முடியட்டும்னு நிக்கேன். எப்பவும் நிக்கதுதானே!"

குவைத்காரர் ஒருவர் சிரித்தார். பிரீனா சிரிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

புத்தகத்தில் இரண்டு தட்டுதான். அவள் இரண்டு தட்டுதான் கணினிக்குக் கொடுத்தாள். ஆனால் இந்தச் சபையில் அந்த இடம் ஒருபோதும் இரண்டு தட்டாக இருந்ததில்லை. ஆண்கள் வரி முடிவில் இழுத்தே இறங்குவார்கள். பெண்கள் அதற்கு இடம் விட்டுப் பழகினார்கள். ஆண்கள் கப்பலும் விமானமும் ஏறிப் போன பிறகும் இடம் விட்டார்கள். வருஷம் முழுக்கப் பெண்கள் மட்டும் பாடிய ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஒவ்வொரு வரியின் முடிவிலும், அங்கே இல்லாத பேஸ் இறங்கி முடிக்கட்டும் என்று நின்றிருக்கிறார்கள். பிரீனாவும் அவர்களில் ஒருத்தியாக நின்று பாடியிருக்கிறாள். நிற்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. எண்ணிப் பார்த்ததில்லை. அதனால் எழுதவும் தோன்றவில்லை.

யேசுரத்தினம் போனைக் கையில் எடுத்தார். குரலில் கடுமை இல்லை.

"பிள்ளே, நல்லாத்தான் செஞ்சிருக்க. இவனுவ இப்பிடிப் பாடி நான் கேட்டதில்ல. ஆனா சேரலியே. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. அந்தக் கீபோர்டுகாரன்கிட்டச் சொல்லிருதேன்."

"மாமா, ஒரு பத்து நிமிசம்."

"பத்து நிமிசத்துல என்ன ஆவும்?"

"நீங்க போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாருங்க. வந்த பொறவு சொல்லுங்க."

அவர் போனை ஆட்டிக்கொண்டே வெளியே போனார்.

"நாலு தட்டா மாத்து," என்றான் ஸ்டெனி. "கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணுதானே? நாங்க நாலு எண்ணிப் பாடுதோம்."

"நாலு இல்லலே," என்றாள் ராகேல். "கடைசிப் பக்கத்துல இன்னும் கூடும். ரெண்டாம் பக்கத்துல கொறையும். யாரு எண்ணினா?"

பிரீனா ஒவ்வொரு வரி முடிவுக்கும் ஓர் எண் போட்டுப் பார்த்தாள், மனதுக்குள். மூன்று, நாலு, ஐந்து. எல்லாவற்றையும் ஆண்கள் எட்டுப் பேரும் இன்று ராத்திரிக்குள் மனப்பாடம் செய்ய வேண்டும். நடக்காது. எண்ணினால் நடக்காது.

காலையில் பார்த்த பாடம் அந்த இடத்தில்தான் மண்டையில் அடித்தது. இன்னது நடக்கிற வரைக்கும் நில். எவ்வளவு நேரம் என்று தெரிய வேண்டியதில்லை! அவள் கைதட்டிவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரும் எண்ணண்டாம்! செல்வதாஸ் அண்ணா, நீங்க ரெண்டு தட்டுல எறங்கி ஒக்காந்திருங்க, படிச்ச மாதிரியே. அதுல மாத்தம் இல்ல. ஒக்காந்த பொறவு அங்கேயே பிடிச்சு நில்லுங்க. புத்தகத்தப் பாக்காதீங்க. ராகேல் மைனிக்கத் தோளப் பாருங்க."

"தோளையா?" என்றார் செல்வதாஸ்.

"மைனி மூச்சு எடுத்தா தோளு மேல ஏறும். தோளு ஏறினா அடுத்த வரி. ஏறாத வரைக்கும் யாரும் அனங்கப்பிடாது. ஒரு தட்டு ஆனாலும் சரி, ஒம்பது ஆனாலும் சரி."

"அப்பம் இவ நாளைக்கு வரைக்கும் மூச்சு எடுக்கலன்னா?"

"நாளைக்கு வரைக்கும் நில்லுங்க," என்றாள் ராகேல். "நான் நின்னேன்லா?"

செல்வதாஸ் புத்தகத்தை மூடிப் பெஞ்சில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். அவர்களுக்குப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதமாக வண்டியிலும் ரூமிலும் கேட்டுக் கேட்டு எல்லாம் உள்ளே போயிருந்தது. போன வருஷம் ஒரு கண்ணையாவது புத்தகத்திலிருந்து எடுக்கச் சொன்னால் ஒருவராலும் முடிந்திருக்காது.

முதல் தடவை பாதி சேர்ந்தது. குவைத்காரர் ஒருவர் பழக்க தோஷத்தில் எண்ணிவிட்டார். அவர் ஒருவர் மட்டும் அடுத்த வரிக்குள் தலையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார். பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடிற்று. ராகேலுக்கோ எல்லோரும் தன் தோளைப் பார்க்கிறார்கள் என்ற கூச்சம். மூச்சை ஒளித்து எடுத்தாள். இரண்டாம் வரி தடுமாறிற்று.

"மைனி, நல்லா எடுங்க! ஊருக்கே தெரியணும்!"

"சவத்த, எனக்க மூச்சையும் பாக்க ஆரம்பிச்சாச்சு," என்றாள் ராகேல். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

இரண்டாம் தடவை முதல் வரி போயிற்று. பேஸ் இறங்கி அடியில் அமர்ந்தது. நின்றது. அந்த நிற்பில் மேலே சோப்ரானோ, நடுவில் ஆல்டோவும் டெனாரும், அடியில் ஐந்து ஆண்கள், எல்லாம் ஒரே கட்டாக இருந்தது. யாரும் யாரையும் துரத்தவில்லை. ராகேலின் தோள் ஏறிற்று. பன்னிரண்டு பேரும் ஒரே வாயாக அடுத்த வரிக்குள் போனார்கள். பிரீனாவுக்குக் கைமயிர் சிலிர்த்தது. இரண்டாம் பக்கத்தில் நிற்பு குறைந்தது, சரியாக இருந்தது. நாலாம் பக்கம் தாண்டிற்று. கடைசிப் பக்கத்தில் ராகேல் வேண்டுமென்றே புருஷனைப் பார்த்துக்கொண்டு நீள நின்றாள். செல்வதாஸும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, விடவில்லை. இத்தனை நீளமாக அந்தச் சபையில் யாரும் ஒரு சுருதியைப் பிடித்ததில்லை. தோள் ஏறிற்று. கடைசி வரி பெரிய அலையாக வந்து முடிந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஸ்டெனி பெஞ்சில் ஏறி நின்று கத்தினான். ராகேல் புருஷனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

வாசலில் யேசுரத்தினம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் சாயா கிளாஸ் இருந்தது. கடையில் வைக்காமல் அப்படியே கொண்டுவந்துவிட்டார்.

"மாமா, கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன்." செயலர் கிளாஸைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "அவனை வரச்சொல்லிட்டேனே பிள்ளே, இப்பம்தான். ரோட்டுல வச்சே போன் போட்டுட்டேன்."

"வந்தா முன்வரிசையில ஒக்காந்து கேட்டுட்டுப் போவட்டும்," என்றாள் ராகேல்.

யேசுரத்தினம் யோசித்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். "தம்பி, கோவிச்சுக்காதப்போ..." என்று ஆரம்பித்தது உள்ளே கேட்டது. மீதி கேட்கவில்லை, ஏனென்றால் செல்வதாஸ் யாரையும் கேட்காமல் பேஸின் முதல் சுருதியை எடுத்துவிட்டார். இன்னொருக்க, இன்னொருக்க என்று குவைத்காரர்கள் கையை ஆட்டினார்கள். பெண்கள் தங்கள் சுருதியில் ஏறிக்கொண்டார்கள். பிரீனா கையைத் தூக்கினாள்.

மூன்றாம் தடவையும் முடிந்த பிறகு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு செல்வதாஸ் அவள் பக்கத்தில் வந்தார்.

"ஈஸ்டருக்கு நாங்க யாரும் வரமாட்டோம், தெரியும்லா?"

"தெரியும்."

"அப்பம் அதுக்கு என்ன செய்யப் போற? நாங்க அங்கன, நீங்க இஞ்ச. தோளு எப்பிடித் தெரியும்?"

பிரீனாவின் கண் விரிந்தது. ஆண்குரல்கள் நாலு நாட்டில், ஒருவர் மூச்சு மற்றவருக்குத் தெரிய வேண்டும், பேசினால் அரை வினாடி தாமதமாகிற இணையம். எத்தனை பேர் எத்தனை இடத்தில் இருந்தாலும் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்கிற மாதிரி எழுதுவதற்கு ஒரு மொழி இருப்பதாக அந்தப் பாடத்து மாணவர்கள் பேசிக்கொள்கிற இணைய மன்றத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஜனவரியில ஒரு பாடம் தொடங்குது அண்ணா," என்றாள். "சும்மாதான் தாறாவ. பேரு குடுத்தாச்சு."